ஆன்லைன் மளிகை: மாத லிஸ்ட் எங்கே போனது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் மளிகையைக் கைபேசியில் வாங்கத் தொடங்கிய வீடுகளுக்கான பக்கம் இது. உதாரணங்களில் வரும் விலைகள் கணக்கைக் காட்டுவதற்காகப் போட்டவை. உங்கள் ஊர் விலையை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்பில் வாங்கத் தொடங்கிய வீட்டில் முதலில் மாறுவது எது?

லிஸ்ட். மாதம் பிறந்ததும் அஞ்சறைப் பெட்டியிலிருந்து அரிசி டிரம் வரை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, "துவரம் பருப்பு 2 கிலோ, உளுந்து ஒன்றரை, கடுகு 100" என்று எழுதுவோமே, அந்தத் தாள்தான் வீட்டின் இருப்புக் கணக்கு. என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே என்ன வேண்டும் என்று எழுதினோம். ஆப் வந்ததும் இந்த வரிசை தலைகீழாகிறது. தாளிக்கும்போதுதான் கடுகு டப்பா காலி என்று தெரிகிறது. அடுப்பை சிம்மில் வைத்துவிட்டு ஆர்டர் போடுகிறோம். கடுகோடு இன்னும் மூன்று பொருள் வந்து சேர்கிறது.

மாதம் ஒரு பெரிய கொள்முதல், நடுவில் இரண்டு மூன்று முறை தெருக்கடை என்று இருந்த வழக்கம், மாதம் 15, 20 சின்ன ஆர்டர்களாக உடைகிறது. பாக்கெட் அளவு, பிராண்ட், செலவு, வீணாவது என்று மற்ற மாற்றங்கள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

பத்து நிமிட டெலிவரியும் மறுநாள் டெலிவரியும் ஒன்றுதானே? வேகம் மட்டும்தானே வித்தியாசம்?

வாங்குபவரின் மனநிலையும் வேறு. பிக்பாஸ்கெட் 2011-இல் பெங்களூரில் தொடங்கியபோது முறை இதுதான்: இன்று ஆர்டர், நாளை காலை 7 முதல் 9 என்று ஒரு ஸ்லாட். பெரிய கிடங்கு, பெரிய லிஸ்ட். 2020-இல் ஸ்விகி இன்ஸ்டாமார்ட் வந்தது. 2021-இல் ஜெப்டோ வந்தது. அதே ஆண்டுக் கடைசியில் குரோஃபர்ஸ் 'பிளிங்கிட்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. இவை எல்லாம் 'டார்க் ஸ்டோர்' முறையில் இயங்குபவை. வாடிக்கையாளர் உள்ளே நுழையாத கடை என்று அதைச் சொல்லலாம். குடியிருப்புக்கு இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு சின்ன குடோன். ஆர்டர் விழுந்ததும் ரேக்கிலிருந்து எடுத்துப் பையில் போட ஓரிரு நிமிடம், மிச்சமெல்லாம் பைக்கில்.

ஸ்லாட் முறையில் நாளைக்கு என்ன சமையல் என்று யோசிக்கிறோம். பத்து நிமிட முறையில் இப்போது என்ன சாப்பிடலாம் என்று யோசிக்கிறோம். வட அமெரிக்க ஆன்லைன் மளிகை நிறுவனம் ஒன்றின் ஆர்டர்களை வைத்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றும் இதையே காட்டியது. ஆர்டருக்கும் டெலிவரிக்கும் இடையே நாள் கூடக்கூட, கூடையில் காய்கறியின் பங்கு ஏறுகிறது, ஐஸ்கிரீம் வகையறாவின் பங்கு இறங்குகிறது, மொத்தச் செலவும் குறைகிறது. இரவு 10 மணிக்கு பத்து நிமிட ஆப்பைத் திறந்தால் முகப்பில் ஏன் துவரம் பருப்பு தெரிவதில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

நடைமுறைக்கு: மாதச் சாமானுக்கு ஸ்லாட், மறந்துபோன பொருளுக்கு மட்டும் பத்து நிமிடம் என்று இரண்டையும் பிரித்து வையுங்கள். முடிந்தால் இரண்டுக்கும் ஒரே ஆப் வேண்டாம்.

பொருளுக்குப் பொருள் விலை குறைவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மாதக் கடைசியில் செலவு ஏன் ஏறுகிறது?

பொருளின் விலையை மட்டும் பார்க்கிறோம், பில்லின் கடைசிப் பகுதியைப் பார்ப்பதில்லை. ஒரு சாதாரண சாயங்கால ஆர்டரை எடுத்துக்கொள்வோம். தயிர் 35, பிரெட் 50, கொத்தமல்லி 15, பச்சை மிளகாய் 12. மொத்தம் 112 ரூபாய். அதன் கீழே டெலிவரி 25, ஹேண்ட்லிங் 12, சின்ன ஆர்டருக்கான கட்டணம் 20. ஆக 169.

மேலே பச்சை நிறத்தில் ஒரு வரி: "இன்னும் 87 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்." சிப்ஸ் 40, பிஸ்கட் 50 சேர்க்கிறோம். பொருள் மதிப்பு 202. டெலிவரியும் சின்ன ஆர்டர் கட்டணமும் போய், ஹேண்ட்லிங் மட்டும் நிற்கிறது. 214 ரூபாய்.

169-க்கும் 214-க்கும் வித்தியாசம் 45. "45 ரூபாயில் 90 ரூபாய்ப் பொருள் கிடைத்ததே" என்று மனம் கணக்குப் போடும். ஆனால் தெருமுனைக் கடைக்கு நடந்திருந்தால் 112-தான். 214 ஆனதில் 102 ரூபாய் கூடுதல். மாதம் 15 முறை என்றால் 1,530 ரூபாய். இதில் எந்தப் பொருளின் விலையும் ஏமாற்று விலை இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏறியது ஆர்டர்களின் எண்ணிக்கை.

மாதச் செலவைக் குறைக்க வேண்டும் என்றால், எந்த ஆப்பில் உளுந்து 4 ரூபாய் மலிவு என்று தேடுவதைவிட மாதம் 15 ஆர்டரை 6 ஆக்குவது பெரிய மிச்சம்.

அப்படியானால் இலவச டெலிவரிக்காகப் பொருள் சேர்க்கவே கூடாதா?

சேர்க்கலாம், எதைச் சேர்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எப்படியும் அடுத்த 30 நாளில் வாங்கப்போகிற, கெட்டுப்போகாத பொருளாக இருந்தால் சேர்ப்பது லாபம்தான்: உப்பு, பாத்திர சோப்பு, கடலைப் பருப்பு, டூத் பேஸ்ட். இப்படி ஏழெட்டுப் பொருளை முன்பே 'விருப்பப் பட்டியல்' பகுதியில் போட்டு வைத்துவிடுங்கள். 87 ரூபாய் குறைகிறது என்றால் அங்கிருந்து ஒன்றை எடுங்கள். கார்ட் பக்கத்தின் அடியில் ஆப் தானாக நீட்டும் வரிசையிலிருந்து எடுக்காதீர்கள். பழைய கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கடலை மிட்டாய் பாட்டில் இருக்குமே, அந்த இடம்தான் அது.

ஆப்பில் "22 சதவீதம் தள்ளுபடி" என்று போடுகிறார்கள். கடையைவிட அவ்வளவு மலிவா?

அந்தச் சதவீதம் எம்.ஆர்.பி.யிலிருந்து கணக்கிடப்படுவது. பருப்பு, எண்ணெய், மசாலா போன்றவற்றை அண்ணாச்சி கடையிலும் எம்.ஆர்.பி.க்குக் கீழேதான் விற்கிறார்கள், போர்டு மட்டும் வைப்பதில்லை. ஒப்பிட வேண்டியது கையில் கொடுக்கும் விலையை, அதுவும் ஒரே எடைக்கு.

ஒரே எடைக்கு ஒப்பிடுவது எப்படி? பாக்கெட் எல்லாம் வேறு வேறு அளவில் இருக்கிறதே?

கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. சமையல் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். 1 லிட்டர் சூரியகாந்தி எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம். ஒரு பிராண்டின் 1 லிட்டர் பாக்கெட் 165 ரூபாய். பக்கத்தில் இன்னொன்று 158 ரூபாய். படத்தில் இரண்டும் ஒரே உயரம். இரண்டாவதன் எடையைப் பார்த்தால் 850 கிராம். 165-ஐ 910-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 100 கிராம் 18 ரூபாய் 13 காசு. 158-ஐ 850-ஆல் அதேபோல் வகுத்தால் 18 ரூபாய் 59 காசு. 7 ரூபாய் மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடியது.

இந்த வகுத்தலைப் பல பாக்கெட்டுகளில் நீங்கள் போடவே வேண்டாம். சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் 'அலகு விற்பனை விலை' அச்சிட வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட் என்றால் கிராமுக்கு இவ்வளவு, கிலோவுக்கு மேல் என்றால் கிலோவுக்கு இவ்வளவு. "கிராமுக்கு 0.19" என்று போட்டிருந்தால் புள்ளியை மூன்று இடம் தள்ளுங்கள், கிலோ 190. ஆனால் அது எம்.ஆர்.பி.யின் கணக்கு. தள்ளுபடி விலைக்கு ஆப்பே சில இடங்களில் "100 கிராமுக்கு" என்று சின்ன எழுத்தில் காட்டும். காட்டாவிட்டால் கால்குலேட்டர்தான்.

'மூன்று பாக்கெட் காம்போ', 'குடும்ப பேக்' என்றால் மலிவு என்று நம்பிவிடாதீர்கள். ஒற்றைப் பாக்கெட் ஆஃபரில் இருக்கும் வாரத்தில் அது காம்போவைவிடக் குறைவாக இருப்பதுண்டு.

அரிசியில் இன்னொரு வேடிக்கை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, லேபிள் ஒட்டிய பொட்டல அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. உடனே சந்தையில் 26 கிலோ மூட்டை முளைத்தது. ஆப்பில் 5, 10, 25 கிலோ, கடையில் 26 கிலோ என்று ஒப்பிடும்போது ஒரு கிலோ வித்தியாசத்தை மறந்துவிட்டு "கடையில் விலை அதிகம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நாலு பேர் உள்ள, இரண்டு வேளையும் சோறு சமைக்கிற வீட்டுக்கு 5 கிலோ பாக்கெட் அரிசி கட்டுப்படியாகாது.

காய்கறியை ஆன்லைனில் வாங்கலாமா?

எல்லாவற்றையும் அல்ல. கையால் தொட்டுத் தேர வேண்டியவை, கண்ணை மூடி வாங்கக்கூடியவை என்று இரண்டாகப் பிரியுங்கள்.

வெண்டைக்காயை நுனி உடைத்துப் பார்க்கிறோம், முருங்கைக்காயை லேசாக முறுக்கிப் பார்க்கிறோம், கத்தரிக்காயின் காம்பையும் தோலில் ஓட்டை இருக்கிறதா என்பதையும் பார்க்கிறோம், தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்க்கிறோம். இந்தப் பரிசோதனை எதையும் பிக்கர், அதாவது குடோனில் பொருளை எடுத்துப் பையில் போடும் ஊழியர், செய்யப்போவதில்லை. அவர் நேரத்தோடு ஓடுகிறார். உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், கேரட், முட்டைகோஸ், பூண்டு, எலுமிச்சை ஆகியவற்றில் ஏமாற்றம் குறைவு.

தக்காளியில் 'நாட்டு', 'ஹைப்ரிட்' என்று இரண்டு இருக்கும். ரசத்துக்கும் சட்னிக்கும் புளிப்பான நாட்டுத் தக்காளி வேண்டும். அது சாறு நிறைந்தது, பையின் அடியில் போனால் நசுங்கிவிடும். எண்ணெய் பாட்டிலும் மாவு பாக்கெட்டும் உள்ள ஆர்டரோடு நாட்டுத் தக்காளியைச் சேர்க்காமல் இருப்பது நல்லது.

கீரை வேறு கதை. சந்தையில் கட்டுக்கணக்கு, ஆப்பில் கிராம் கணக்கு. வேரை வெட்டி, கழுவி, பாலித்தீனில் அடைத்த கீரை உள்ளே வியர்த்து மறுநாளே அழுக ஆரம்பிக்கும். வந்ததும் பிரித்து, ஈரத்தை உதறி, செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். இரண்டு நாள் தாங்கும்.

கறிவேப்பிலைக்குக்கூடக் காசா?

ஆம். கொசுறு என்ற சொல் ஆப்பில் கிடையாது. 200 ரூபாய்க்குக் காய் வாங்கினால் நாலு இணுக்கு கறிவேப்பிலையும் ஒரு கொத்து மல்லியும் போடுவது நம் ஊர்க் காய்கறிக் கடையின் வழக்கம். சில ஆப்கள் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் மல்லியை 'இலவசம்' என்று சேர்க்கின்றன. மற்றபடி பாக்கெட் பாக்கெட்டாகத்தான் வரும்.

காசைவிட அளவுதான் இங்கே பிரச்சினை. கடையில் "அஞ்சு ரூபாய்க்கு இஞ்சி" என்று கேட்கலாம். ஆப்பில் 100 கிராமோ 200 கிராமோதான் குறைந்தபட்சம். ஒரு ரசத்துக்கு வேண்டியது விரல் நுனியளவு. மிச்சம் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் சுருங்கிக் கிடக்கும். இஞ்சி, பச்சை மிளகாய், புதினா, மல்லி, கறிவேப்பிலை ஐந்தையும் கடையிலேயே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால் சின்ன ஆர்டர்களில் கணிசமானவை தானாகவே நின்றுபோகும். கொத்தமல்லிக்காகப் போடும் ஆர்டர்தான் நாலு பொருளாக வளர்வது.

தேடினால் நான் கேட்ட பொருள் வராமல் வேறு ஏதோ முதலில் வருகிறது. ஏன்?

இரண்டு காரணம். ஒன்று, மேலே வரும் சில இடங்கள் விளம்பரத்துக்கு விற்கப்பட்டவை. 'ஸ்பான்சர்டு' அல்லது 'ஆட்' என்று மங்கலாக எழுதியிருக்கும். கடையில் கண் மட்டத்துத் தட்டுக்கு கம்பெனிகள் போட்டி போடுவதுபோல இங்கே முதல் நாலு கட்டத்துக்குப் போட்டி. ஆப்பின் சொந்த பிராண்டும் அங்கேதான் நிற்கும்.

இரண்டாவது, பெயர்க் குழப்பம். பொருள் பட்டியல்கள் பெரும்பாலும் இந்திப் பெயரில் இருக்கின்றன. தூர் அல்லது அர்ஹர் என்றால் துவரை, மூங் என்றால் பாசிப்பயறு, சனா என்றால் கடலை, உரத் என்றால் உளுந்து. அடிக்கடி நடக்கும் தவறு: இட்லிக்கு 'உரத் தால்' என்று தேடி, முதலில் வரும் உடைத்த உளுந்தை வாங்குவது. வேண்டியது தோல் நீக்கிய முழு உளுந்து. அதைப் பட்டியலில் 'கோட்டா' என்று போட்டிருப்பார்கள். அதேபோல் 'சனா தால்' கடலைப் பருப்பு. சட்னிக்கான பொட்டுக்கடலைக்கு 'வறுத்த' என்ற சொல்லும் சேர்ந்திருக்க வேண்டும். அரிசியில் 'பொன்னி' என்று மட்டும் தேடினால் பச்சையும் புழுங்கலும் கலந்து வரும். பாக்கெட்டின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் 10 கிலோ வாங்க வேண்டாம்.

ஒருமுறை சரியான பொருள் வந்துவிட்டால் 'முன்பு வாங்கியவை' பகுதியிலிருந்தே மறுபடி வாங்குங்கள். இதனால் பிராண்ட் ஒன்றிலேயே ஒட்டிக்கொள்வோம், விலை ஏறினாலும் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதல் பத்துப் பொருளின் விலையை மட்டும் வெளியே ஒப்பிட்டால் போதும்.

நான் சேர்க்காத தொகை பில்லில் வருகிறது. இது சரியா?

சரியில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டுதல்கள் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. மளிகையில் அதிகம் கண்ணில் படுபவை நான்கு. கேட்காமலே கூடையில் நன்கொடை, டிப்ஸ், உறுப்பினர் திட்டம் ஆகியவற்றைச் சேர்ப்பது. முதலில் ஒரு விலை காட்டிக் கடைசிப் பக்கத்தில் கட்டணங்களை அவிழ்ப்பது. "இன்னும் 2 மட்டுமே உள்ளது" என்று பொய்யாக அவசரப்படுத்துவது. வேண்டாம் என்று அழுத்துபவரைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்குவது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் முன்கூட்டியே டிக் செய்த பெட்டிகள் மூலம் சம்மதம் பெறக் கூடாது என்கின்றன.

பணம் கட்டும் முன் 'பில் விவரம்' என்ற வரியைத் தட்டி விரித்துப் பாருங்கள். பத்து விநாடி ஆகும். டிப்ஸ் கொடுக்க நினைத்தால் கொடுங்கள், ஆனால் அது போன ஆர்டரிலிருந்து தானாகத் தொடர்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

காலாவதிக்குக் கிட்டத்தில் உள்ள பொருளை அனுப்புகிறார்களே?

டெலிவரியின்போது பொருளின் ஆயுளில் குறைந்தது 30 சதவீதம், அல்லது காலாவதிக்கு 45 நாள் மீதம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2024 நவம்பரில் ஆன்லைன் நிறுவனங்களிடம் சொன்னது. ஆறு மாத ஆயுள் உள்ள ஓட்ஸ் பாக்கெட்டில் இன்னும் 20 நாள்தான் இருக்கிறது என்றால் திருப்பிக் கொடுக்கக் கேளுங்கள்.

தயிர், தோசை மாவு, பிரெட், பன்னீர் நான்கிலும் நாள் கணக்கு முக்கியம். மாவு பாக்கெட் உப்பியிருந்தால் அது புளித்துக்கொண்டிருக்கிறது. இன்று தோசைக்கு ஆகும், நாளை மறுநாள் இட்லிக்கு ஆகாது.

கெட்டதோ, குறைவாகவோ, வேறு பொருளோ வந்தால் என்ன செய்வது?

வாசலிலேயே முதல் வேலை: பைகளை எண்ணுங்கள், முட்டை அட்டையைத் திறந்து பாருங்கள், பால் பாக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்தவற்றை முதலில் உள்ளே வையுங்கள். மற்றதை பில்லோடு சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

தவறு இருந்தால் மூன்று படம் எடுங்கள்: முழுப் பொருள், கெட்டுப்போன இடம், தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள லேபிள். எடை குறைவு என்றால் வீட்டுத் தராசில் வைத்த நிலையில் எடுங்கள். பாக்கெட்டை வெட்டிவிட்டு எடை பார்த்தால் வாதம் எடுபடாது. ஆப்பில் அந்த ஆர்டரைத் திறந்து, அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்துப் புகார் பதியுங்கள். பொதுவான அரட்டைப் பெட்டியில் எழுதினால் தானியங்கிப் பதில்தான் சுற்றிச் சுற்றி வரும். காய்கறிக்குப் புகார் நேரம் மிகக் குறைவு, அன்றே செய்யுங்கள். பணத்தைத் திருப்பித் தரும்போது 'வாலட்', அதாவது அந்த ஆப்புக்குள்ளேயே இருக்கும் பணப்பை, முன்பே தேர்வாகியிருக்கலாம். வங்கிக் கணக்கு வேண்டும் என்றால் அதை மாற்றுங்கள். வாலட்டில் விழுந்த 60 ரூபாய் அடுத்த 200 ரூபாய் ஆர்டருக்கு விதை.

தீராவிட்டால் ஆப்பின் அடிப்பக்கத்தில் குறைதீர்ப்பு அலுவலரின் மின்னஞ்சல் இருக்கும். 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

பாலுக்கு சந்தா போடலாமா?

தினமும் ஒரே அளவு வாங்குகிற வீட்டுக்கு நல்லது. ஆனால் ஆவின் பூத் அருகில் இருந்தால் மாத அட்டையே மலிவு, அட்டைக்காரர்களுக்கு சில்லறை விலையைவிடக் குறைவு. ஆப் சந்தாவில் தவறு நடப்பது ஊருக்குப் போகும் நாளில்தான். நிறுத்தி வைக்க முந்தைய இரவு ஒரு கெடு நேரம் இருக்கும், அதைத் தாண்டினால் மறுநாள் பால் வாசலில் தொங்கும்.

வெளியூரில் இருக்கிற பெற்றோருக்கு நாங்கள் ஆர்டர் போடுகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பெங்களூரில் இருந்துகொண்டு திருநெல்வேலி வீட்டுக்குப் போடும்போது மூன்று இடத்தில் இடறும். முகவரியில் உங்கள் எண் இருந்தால் டெலிவரி பையன் உங்களைத்தான் அழைப்பார், அப்பாவின் எண்ணைப் போடுங்கள். ஓ.டி.பி. கேட்கும் ஆர்டர் என்றால் அதை முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். வரைபடத்தில் குண்டூசியைத் தெருமுனையில் விடாமல் வாசல்படியில் நிறுத்துங்கள். இன்னொன்று: அம்மாவிடம் கேட்காமல் போடாதீர்கள். அவர் காலையிலேயே அண்ணாச்சியிடம் வாங்கியிருப்பார்.

அண்ணாச்சி கடையை அடியோடு விட்டுவிடலாமா?

வேண்டாம். மாதக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொண்டு பொருள் கொடுப்பது, 50 கிராம் சீரகம் நிறுத்துக் கொடுப்பது, வண்டு விழுந்த பருப்பைக் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுப்பது ஆகியவற்றுக்கு ஆப்பில் பொத்தான் கிடையாது. நிறையக் கடைக்காரர்கள் இப்போது வாட்ஸ்அப்பில் லிஸ்ட் படம் அனுப்பினால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பணம் ஜி.பே.யில்.

ரேஷன் கடையையும் கணக்கில் சேருங்கள். அட்டைக்குக் கிலோ 30 ரூபாயில் துவரம் பருப்பும் 25 ரூபாயில் ஒரு லிட்டர் பாமாயிலும் கிடைக்கும்போது, அதை வாங்காமல் விட்டுவிட்டு ஆப்பில் பருப்புக்கு ஆஃபர் தேடுவது விநோதம்தான். உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் வாரம் ஒருமுறை காலை 7 மணிக்குள் ஒரு நடை. ஐந்து நாள் காய் வந்துவிடும்.

பழைய லிஸ்ட் பழக்கத்துக்குத் திரும்புவது எப்படி?

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஆப்பில் 'என் ஆர்டர்கள்' பகுதியைத் திறந்து போன 30 நாளின் ஆர்டர்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றிலும் டெலிவரி, ஹேண்ட்லிங் போன்ற கட்டணங்களைத் தனியாகக் கூட்டுங்கள். பிறகு ஒவ்வொரு ஆர்டரிலும் எந்தப் பொருளுக்காக ஆப்பைத் திறந்தோம் என்று ஒன்றை மட்டும் வட்டமிடுங்கள். திரும்பத் திரும்ப அதே ஐந்தாறு பொருள்தான் வரும்: தயிர், பிரெட், முட்டை, மல்லி, காபித்தூள்.

அந்த ஐந்தாறுக்கும் 'ஒன்று கையில், ஒன்று இருப்பில்' என்று வையுங்கள். இருப்பில் உள்ளதைப் பிரிக்கும் அன்றே ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளில் எழுதுங்கள். வீட்டில் நாலு பேர் நாலு கைபேசியில் ஆர்டர் போடும் வழக்கம் இருந்தால் அதை ஒருவருக்கு மாற்றுங்கள். ஒரே நாளில் இரண்டு பேர் தயிர் வாங்கி வைப்பது அப்போதுதான் நிற்கும். ஆர்டர் நாள் வாரத்தில் இரண்டு, புதனும் சனியும் என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் தோன்றுவதைக் கார்ட்டில் போட்டு வையுங்கள், பணம் கட்டாதீர்கள். புதன்கிழமை பார்க்கும்போது பாதியை நீங்களே எடுத்துவிடுவீர்கள். ஆப்பின் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள்.

எல்லாம் பத்து நிமிடத்தில் வரும்போது வீட்டில் இருப்பு எதற்கு?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் தெருவில் தண்ணீர், மின்சாரம் இல்லை, பால் கிடைப்பதே பெரும்பாடு. டார்க் ஸ்டோரும் அதே தெருவில், அதே தண்ணீரில்தான் இருக்கிறது. மழை எச்சரிக்கை வந்த அன்று மாலையே பால், பிரெட், முட்டை மூன்றும் ஆப்பில் 'ஸ்டாக் இல்லை' என்று சாம்பல் நிறமாகிவிடும்.

நாலு பேர் உள்ள வீடு நாலு நாளுக்குத் தேவையான இந்த இருப்பை அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடாமல் வைத்திருக்கலாம்: அரிசி 3 கிலோ, துவரம் பருப்பும் பாசிப்பருப்பும் சேர்ந்து 1 கிலோ, ரவையோ அவலோ 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், பால் பவுடர் 500 கிராம் (ஏறக்குறைய 4 லிட்டர் பால் வரும்), ஊறுகாய், பிஸ்கட், 20 லிட்டர் குடிநீர் கேன் இரண்டு, மெழுகுவத்தி, தீப்பெட்டி, கொசுவத்தி. பாக்கெட்டின் மேல் வாங்கிய தேதியை எழுதி வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் அரிசியும் பாசிப்பருப்பும் பொங்கலுக்கு ஆகும், பால் பவுடரைப் பாயசத்தில் தீர்த்துவிடலாம்.